மணியும் மணிக்கூறும்

அயல்மொழிச் சொல்லைப் பெயர்ப்பது கடினம், அண்டைமொழிச் சொல்லைப் பெயர்ப்பது எளிது என்று பொதுவாக எண்ணுகிறோம். கடிகாரத்தைச் சார்ந்த சொற்களை எடுத்துக்கொண்டால் இந்த எண்ணம் நிலைபெறுவதில்லை. ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒரு கால்வாயின் இரு கரைகளிலும் வாழும் மொழிகள். பல நூற்றாண்டுகளாகக் கொள்வினையும் கொடுப்பினையும் உடையவை. கடிகாரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கிளாக்’ என்னும் பெயர், மணி என்று பொருள்படும் இடைக்கால இலத்தீன் சொல்லின் வழி வந்தது. அதே இலத்தீன் சொல் பிரெஞ்சில் ‘க்ளோஷ்’ என்று வழங்குகிறது. ஆனால் பிரெஞ்சுக்காரருக்கு அது இன்றும் தேவாலயத்து மணிதான், கடிகாரம் அன்று. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளான இவ்விரு சொற்களுள் ஒன்றை மற்றதற்கு ஈடாக வைத்து எழுதினால், படிப்பவர் சுவரை நோக்காமல் கோபுரத்தை நோக்குவார்.

கடிகாரத்துக்குப் பிரெஞ்சில் பெயர் இல்லாமல் இல்லை. பெயர் மிகுதி என்பதே இடர். பொதுவிடத்துக் கோபுரத்தில் இருந்தால் அது ‘ஓர்லோஜ்’. ஊசலோடு வீட்டுக்குள் இருந்தால் ‘பாந்தூல்’. சட்டைப்பையிலோ மணிக்கட்டிலோ இருந்தால் ‘மோந்த்ர்’. காட்டுவது என்பது அதன் வேர்ப்பொருள். ஆங்கிலப் பத்தி ஒன்றில் கிளாக் என்று வருமிடமெல்லாம், அது எங்கே இருக்கிறது என்று அறிந்த பின்னரே பிரெஞ்சில் பெயர்ப்பவர் எழுதுகோலை எடுக்க முடியும். மறுபுறம், ஆங்கிலம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் ஒன்றைப் பிரெஞ்சு ஒன்றாகவே வைத்துக்கொண்டிருக்கிறது. ‘ஐந்து மணிக்கு வந்தார்’ என்னும்போது ஆங்கிலத்தில் ஒரு சொல். ‘ஐந்து மணி நேரம் இருந்தார்’ என்னும்போது வேறொரு சொல். பிரெஞ்சில் இரண்டுக்கும் ‘எர்’ என்பதே. முன்னால் நிற்கும் இடைச்சொல்லைக் கொண்டுதான் அது பொழுதின் ஒரு புள்ளியா, பொழுதின் ஒரு நீளமா என்று பிரித்தறிய வேண்டும்.

புள்ளியா, நீளமா என்னும் இந்தக் கேள்வியை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இதன் முழு வலிமையைக் காணப் பாரிசு வரையில் செல்ல வேண்டுவதில்லை. வாளையாற்றைத் தாண்டினாலே போதும்.

பாலக்காடு 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதற்கு அருகிலுள்ள சிற்றூர் கொச்சி அரசைச் சேர்ந்தது. தெற்கே தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் பகுதிகள்; அவை 1972 ஜனவரி 26 முதல் இடுக்கி மாவட்டத்தில் அமைந்துள்ளன. கொழிஞ்சாம்பாறையிலும் மூணாற்றிலும் வண்டிப்பெரியாற்றிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவருகின்றன. மூன்று அரசுகளின் எல்லைகள் மாறின. குடிகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தனர். அவர்களுடைய அண்டைமொழி மலையாளம். தமிழுக்கு அதனினும் நெருங்கிய மொழி வேறில்லை. நெருக்கமே வழுக்கலுக்கு இடமாகிறது.

காலையில் என்பதற்கு மலையாளத்தார் ‘ராவிலெ’ என்பர். தமிழர் செவிக்கு அஃது ‘இராவிலே’ என்றே படும். ‘ராவிலெ ஆறு மணிக்கு வரவேண்டும்’ என்று சொல்லப்பட்ட புதிய ஆள் ஒருவர் இரவு வரட்டும் என்று படுத்திருந்தால், குற்றம் அவருடையது ஆகாது. இரவு முற்றும் நீங்குமுன் எழுந்து தொழிலுக்குச் செல்வோர் இட்ட பெயர் அஃது என்று கருதலாம். மாலைக்கு மலையாளத்தில் ‘வைகுந்நேரம்’ என்பது பெயர். தமிழிலோ வைகறை என்பது விடியல். காலையை இரவாகவும் மாலையை விடியலாகவும் கேட்கச் செய்யும் இவ்விரு சொற்களும் வடமொழியிலிருந்து வந்தவை அல்ல, ஆங்கிலத்திலிருந்து வந்தவையும் அல்ல. இரு மொழிக்கும் பொதுவான பழஞ்சொற்களே. அகராதி பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றாத இடத்தில்தான் அகராதி தேவைப்படுகிறது.

நாழிகையின் கதை இன்னும் சுவையானது. பகலும் இரவும் சேர்ந்த ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஆகவே ஒரு நாழிகைக்கு இன்றைய கணக்கில் 24 நிமிடம். அடியில் நுண்ணிய துளையிட்ட சிறு வட்டிலை நீர் நிறைந்த பெரும் பாத்திரத்தில் மிதக்கவிடுவர். நீர் ஊறி வட்டில் அமிழ்ந்தால் ஒரு நாழிகை கழிந்தது என்பது கணக்கு. நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டில், பாசறையில் தங்கிய அரசனிடம் நீர்க்கன்னலைப் பார்த்துப் பொழுதறிவிக்கும் நாழிகைக் கணக்கர் வருகின்றனர். போர்க்களத்திலும் மணி தவறக்கூடாது போலும்! வடமொழியில் ‘கடீ’ என்றால் குடம். அக்குடத்தின் வழியாக வந்ததே நமது கடிகாரம். இந்தியில் வழங்கும் ‘கடீ’யும் அதன் உறவே. ஆக, ஆங்கிலேயர் கடிகாரத்தை மணி என்று அழைத்தனர். நாம் குடம் என்று அழைத்தோம். இரண்டும் இயந்திரத்தின் பெயர் அல்ல. இயந்திரம் வருவதற்கு முன் அதன் வேலையைச் செய்துவந்த பொருளின் பெயர்.

அதே நாழிகை மலையாளத்தில் ‘நாழிக’ என நின்று, 24 நிமிடத்தையும் குறித்தது. வழியின் தொலைவையும் குறித்தது. தமிழிலும் நாழிகை வழி என்னும் வழக்கு உண்டு. ஒரு நாழிகைப் பொழுதில் நடந்து கடக்கும் தூரம் என்பது அதன் பொருள். ஆனால் நாம் ‘வழி’ என்ற சொல்லை விடாமல் சேர்த்துக்கொண்டோம். மலையாளத்தார் அதை விட்டுவிட்டு, ஆங்கிலேயர் கொணர்ந்த மைலுக்கே நாழிக என்று பெயரிட்டுவிட்டனர். ‘இன்னும் இரண்டு நாழிக’ என்று ஒருவர் கூறினால், அது நடையின் நீளமா பொழுதின் நீளமா? மலைப்பாதையில் நடப்பவனுக்கு இரண்டும் ஒன்றே என்று தோன்றலாம். பத்திரத்தில் எழுதுபவனுக்கு அப்படித் தோன்றலாகாது.

சொல் அப்படியே இருக்க, அளவு மாறிப்போன விந்தையும் உண்டு. நாழிகையில் 60இல் ஒரு பங்கு விநாடி; ஆகவே பழைய விநாடி 24 செக்கண்டு. இன்று பள்ளியில் பிள்ளைகள் படிக்கும் விநாடியோ ஒரே செக்கண்டு. பழைய பஞ்சாங்கத்தையும் புதிய பாடநூலையும் அருகருகே வைத்தால் ஒரே சொல்லுக்கு 24 மடங்கு வேறுபாடு. பிரெஞ்சுக்காரரும் இத்தகைய சிக்கலுக்கு ஆளானவரே. அவர்களுடைய புரட்சி அரசு 1793இல் நாளைப் பத்து மணியாகவும், மணியை நூறு நிமிடமாகவும், நிமிடத்தை நூறு செக்கண்டாகவும் வகுத்தது. புதிய அளவுக்குப் புதிய சொல் காணாமல் ‘எர்’ என்ற பழைய சொல்லையே வைத்துக்கொண்டது. அந்தப் புரட்சி மணி 144 நிமிடம். அதாவது சரியாக நம்முடைய 6 நாழிகை. அதைப் புரிந்துகொள்ளப் பாரிசு மக்களைவிடப் பாலக்காட்டுச் சோதிடருக்கு எளிதாக இருந்திருக்கும். 1795இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

கடிகாரத்தின் உறுப்புகளுக்கு வருவோம். முகப்பில் சுழலும் இரண்டையும் ஆங்கிலேயர் கை என்பர். பிரெஞ்சுக்காரர் ஊசி என்பர். மலையாளத்தாரும் ‘சூசி’ என்று ஊசியையே சொல்வர். தமிழர் மட்டும் முள் என்கிறோம். தராசின் நடுவே நிற்பதும் முள்தான். அளந்து காட்டுவதையெல்லாம் முள் என்பது நம் மரபு. ஆதலின் இது மொழிபெயர்ப்பே அன்று, கடிகாரத்தைத் தராசின் உறவாக ஏற்றுக்கொண்டது என்றே நாம் கருதுகிறோம். வில்லை முறுக்குவதற்கு நாம் சொல்லும் ‘சாவி கொடுத்தல்’ என்பதும் அத்தகையதே. பிரெஞ்சில் அதற்குத் திரும்ப மேலேற்றுதல் என்பது போன்ற சொல். பழங்கடிகாரத்தின் எடைக்கல்லை மேலே இழுத்த நாள்களின் நினைவு அது.

ஆங்கிலத்தில் ‘ஆறுக்குக் கால்’ என்பது போலச் சொல்வதைப் பிரெஞ்சில் ‘ஆறு, கால் குறைய’ என்பர். இருவரும் இன்னும் வராத மணியை முன்னே வைத்து, அதற்கு எவ்வளவு குறைகிறது என்று கணக்கிடுகின்றனர். தமிழர் ஐந்தே முக்கால் என்கிறோம். மலையாளத்தார் ‘அஞ்சே முக்கால்’ என்கின்றனர். கழிந்ததை மட்டுமே நாம் எண்ணுகிறோம். கால், அரை, முக்கால் என்னும் கீழ்வாய் இலக்கம் இரு மொழிக்கும் பொதுச்சொத்து. இந்த ஓரிடத்தில் எல்லையின் இருபுறத்தாரும் ஒரு சொல்லும் மாற்றாமல் ஒருவரையொருவர் புரிந்துகொள்கின்றனர்.

இனி, மணியை யார் அடிப்பது என்பது. சென்னை இருப்புப்பாதைக் கம்பெனியின் தடம் பாலக்காட்டுக் கணவாயின் வழியே மேற்குக் கடற்கரையைத் தொட்டது 1861, 1862ஆம் ஆண்டுகளில். அதற்குமுன் பாலக்காட்டில் உச்சிவேளை என்றால் பாலக்காட்டுச் சூரியன் உச்சிக்கு வரும் வேளை. வண்டி வந்தபின் சென்னை நேரம் வந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வுக்கூடத்தின் தீர்க்கரேகையை ஒட்டியது அந்த நேரம். அங்கே நிறுத்தப்பட்ட கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்து வெட்டப்பட்டிருப்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பாலக்காட்டுச் சூரியன் சென்னை நேரத்துக்குச் சுமார் 14 நிமிடம் பிந்தியே உச்சிக்கு வரும். 1906 ஜனவரி முதல் நாள், கிழக்குத் தீர்க்கரேகை எண்பத்திரண்டரை பாகையை ஒட்டிய இந்திய நியம நேரம் ஏற்பட்டது. அது சென்னை நேரத்தைவிடச் சுமார் 9 நிமிடம் முந்தியது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால், பாலக்காட்டுச் சூரியனுக்கும் பாலக்காட்டு நிலையத்துக் கடிகாரத்துக்கும் உள்ள இடைவெளி சராசரியாக இருபத்து மூன்றரை நிமிடம்; ஏறத்தாழ ஒரு நாழிகை. நாழிகைக் கணக்கு வழக்கொழிந்த ஊரில், கடிகாரமே சூரியனைவிட ஒரு நாழிகை முந்தி ஓடிக்கொண்டிருக்கிறது!

இதைக் கேட்டு வருந்தத் தேவையில்லை. கொல்கத்தாவில் வாழும் நம்மவர்க்கு, அவ்வூர் 1948 வரையில் தன் சொந்த நேரத்தை விடவில்லை என்பது தெரிந்திருக்கும். மும்பை 1955 வரையில் தன் நேரத்தைப் பற்றிக்கொண்டிருந்தது. பிரான்சும் 1911 வரை இணங்கவில்லை. அவ்வாண்டு இணங்கியபோதும் கிரீனிச்சு என்ற ஆங்கில ஊரின் பெயரைச் சட்டத்தில் எழுத மனமின்றி, ‘பாரிசு நேரத்தில் 9 நிமிடம் 21 செக்கண்டு குறைத்தது’ என்று எழுதிக்கொண்டது. பெயரை விட்டுப் பொருளை மட்டும் கொண்டுவந்த அந்தச் சட்டத்தை மொழிபெயர்ப்பாளர் எவரும் புன்முறுவலின்றிப் படிக்க முடியாது.

மூணாற்று மலைகளில் மணி வேறு வகையில் நுழைந்தது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். பின்னர் தேயிலை வந்தது; அதன்பின் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தனர். நல்லதண்ணியில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் இன்றும் ஒரு சூரியக் கடிகாரம் கருங்கல் பீடத்தின்மேல் இருக்கிறது. 1913இல் அதைச் செய்தது நாசரேத்தில் இருந்த தொழிற்பள்ளி. திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டு வெயிலில் உருவான பொருள் மூணாற்றுப் பனிமூட்டத்தில் பொழுது காட்டச் சென்றது. சூரியக் கடிகாரம் தன் இடத்து வெயிலைத்தான் காட்டும். மூணாற்றில் அது நியம நேரத்துக்குச் சராசரியாக 22 நிமிடம் பிந்தும். நியம நேரம் பிறந்து ஏழாண்டு ஆனபின்னரும் மலையில் அதற்கு ஒரு பீடம் கிடைத்திருக்கிறது.

உழைப்பவர் கையில் அந்நாளில் கடிகாரம் இல்லை. கோவையில் 1888 முதல் ஆலைகள் எழுந்தபோது ஆலை ஊதுவதைத் தொழிலாளர் சங்கு என்றே அழைத்தனர். ‘முதல் சங்கு ஊதியாயிற்று’ என்பது அங்கே மணி சொல்லும் முறை. இலங்கை மலையகத்தில் விடியலில் தப்பு ஒலிக்கும். ஆட்கள் பெரட்டுக் களத்தில் கூடுவர். பெரட்டு என்பது ‘பரேடு’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. அசாமில் தேயிலைத் தோட்டங்களே நியம நேரத்துக்கு ஒரு மணி முந்திய தோட்ட நேரம் ஒன்றை வைத்துக்கொண்டன. மணியை வைத்திருப்பவர் வேறு, மணிக்கு உழைப்பவர் வேறு என்ற நிலையில், மணியைப் பற்றிய சொல் கூலியைப் பற்றிய சொல்லாகவே ஆகிவிடுகிறது.

இதைச் சட்டமும் உணர்ந்தது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் மூன்றாம் பிரிவே கடிகாரத்தைப் பற்றியது: நாளின் பொழுது என்று சொல்லுமிடத்தில் கிரீனிச்சு நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முந்திய இந்திய நியம நேரமே கொள்ளப்படும் என்றது அது. வயது வந்தோர்க்கு வாரத்துக்கு 54 மணி நேரம் என வரம்பிட்டது. 1981இல் அது 48 ஆகக் குறைக்கப்பட்டது. இடையில் அரைமணி ஓய்வின்றி ஐந்து மணி நேரத்துக்கு மேல் எவரிடமும் வேலை வாங்கலாகாது என்றது. பெண்களை, மாநில அரசின் அனுமதியின்றி, காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடைப்பட்ட பொழுதன்றி வேறு பொழுதில் வேலையில் அமர்த்தக்கூடாது என்றது. இவ்வகைச் சட்டங்களை ஒன்றுசேர்த்து 2020இல் புதிய தொகுப்பு இயற்றப்பட்டது. நாம் இங்கே பார்ப்பது பழைய சட்டத்தின் சொற்களை.

‘ஐந்து மணி நேரத்துக்கு மேல்’ என்பதில் நேரம் என்னும் சொல் ஒன்று விடுபட்டால் என்ன ஆகும்? ‘ஐந்து மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது’ என்றாகும். முன்னது, காலை எட்டு மணிக்குக் கொழுந்து பறிக்கத் தொடங்கிய பெண்ணுக்குப் பிற்பகல் ஒரு மணிக்குள் ஓய்வு தருகிறது. பின்னது, மாலை ஐந்து மணி வரையில் இடைவிடாது வேலை வாங்க வழிவிடுகிறது. தட்டெழுத்தில் ஒரு சொல் தவறினால் ஒரு மனிதரின் அரைமணி ஓய்வு போயிற்று. ‘மாலை 7 மணி’யிலும் ஒரு முள் இருக்கிறது. தமிழர் பேச்சில் ஏழு மணி பெரும்பாலும் இரவு. இரவு 7 மணி வரை என்று பெயர்த்தால், இரவு வேலையைத் தடுக்க வந்த பிரிவே இரவைப் பகலோடு சேர்த்துவிட்டது போல் ஆகும். பிற்பகல் 7 என்பது எவர் வாயிலும் வராது. பிரெஞ்சுக்காரர் 19 என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்வர். நமது இரயில்வே அட்டவணையும் அவ்வாறே எழுதுகிறது. ஆனால் அதைப் பார்த்து ‘பத்தொன்பது மணி வண்டி’ என்று சொல்லும் தமிழர் எவரையும் நாம் கண்டதில்லை.

மலையாளத்தில் முதற்சொன்ன தவறு எளிதில் நேராது. அங்கே ‘அஞ்சு மணி’ என்பது புள்ளி; ‘அஞ்சு மணிக்கூர்’ என்பது நீளம். மணியோடு கூறு என்பதைச் சேர்த்து, பங்கு என்னும் பொருள் தோன்ற ஆக்கிய சொல் அது. கூறு இங்கே எந்த அயல்மொழியிலிருந்தும் வரவில்லை. கூறுபோடுதல், கூறுபாடு என்று நாம் நாள்தோறும் வழங்கும் அதே கூறுதான். எல்லைப்புறத் தமிழர், மலையாளப் பள்ளியில் படித்த இளையவர் சிறப்பாக, எட்டு மணிக்கூர் வேலை செய்தோம் என்று பேசுவதைக் கேட்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் அவ்வழக்கு உண்டு. இலங்கைத் தமிழர் இதே தேவைக்கு மணித்தியாலம் என்ற சொல்லை வைத்துள்ளனர்; கடிகாரத்துக்கு அவர்கள் சொல்வது மணிக்கூடு.

இத்தகைய பேச்சைக் கேட்டவுடன் ‘தமிழ் கெட்டுவிட்டது’ என்று முகம் சுளிப்போர் நம்மிடையே பலர். வெளிமாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகளும் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது இந்த ஏளனத்துக்குத் தப்புவதில்லை. கலப்பு என்பதெல்லாம் நன்று என்று நாம் வாதிடவில்லை. ‘ராவிலெ’யைத் தமிழில் எழுதினால் குழப்பமே மிஞ்சும், அதை ஏற்க வேண்டுவதில்லை. மணிக்கூறு அவ்வாறன்று. பொதுத்தமிழில் இரண்டு சொல் சேர்ந்தும் வழுக்கிவிடும் பொருளை அது ஒரே சொல்லில் இறுக்கிப் பிடிக்கிறது.

கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழரும் கன்னடரும் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதவும், அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் இடந்தந்தது. தேவிகுளத்திலிருந்தோ சிற்றூரிலிருந்தோ வரும் விண்ணப்பம் ஒன்றில் ‘நாள் ஒன்றுக்கு ஒன்பது மணிக்கூறு வேலை’ என்று எழுதியிருந்தால், அதைப் பெயர்க்க அமர்பவர் மணிக்கூறு என்பதை அடித்துவிட்டு மணி என்று திருத்துவது எளிது. ‘ஒன்பது மணி வேலை’ என்று திருத்திய அந்தத் தாளைப் படிக்கும் அதிகாரி, காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் வேலை போலும் என்று எண்ணிக் கையெழுத்திடுவார். எழுதியவர் எழுதியபடியே அச்சொல்லை விட்டுவைப்பதே முறை. தமிழ் அகராதியிலும் அதற்கு இடம் ஒதுக்கி, பக்கத்தில் பாலக்காடு, இடுக்கி, கன்னியாகுமரி வழக்கு என்று குறித்துவிடலாம்.